அப்பமும் தண்ணீரும்: லூத்தர், சுவிங்ளி, மறுஞானஸ்நானக்காரர்

ரோமை, அதாவது கத்தோலிக்கத் திருச்சபையை, எதிர்த்தவர்கள் என்பதால் ஆரம்பகால புராட்டஸ்டன்டுகளை ஒரே கூட்டமாக எண்ணிவிடுகிறோம். அவர்களைப் பிரித்தறிய இரண்டு கேள்விகள் போதும்: இயேசுவின் கடைசி இராவுணவை ஒட்டி அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தில், அந்த அப்பம் என்ன? ஞானஸ்நானம் யாருக்கு?

அப்பத்தில்தான் ஜெர்மனியின் சீர்திருத்தவாதி லூத்தரும் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரச் சீர்திருத்தவாதி சுவிங்ளியும் முட்டிக்கொண்டார்கள். 1529 அக்டோபரில் ஜெர்மானியப் பகுதியான ஹெஸ்ஸேயின் ஆட்சியாளர் பிலிப் இருவரையும் மார்பர்க் கோட்டைக்கு அழைத்தார். 15 அம்சங்களில் 14-இல் உடன்பாடு. கடைசி அம்சத்தில் அப்பத்தில் கிறிஸ்துவின் சரீரம் உண்டா என்பது மட்டும் தீரவில்லை. 'இது என்னுடைய சரீரம்' என்ற வசனத்தை லத்தீனில் மேசைமீது சுண்ணக்கட்டியால் எழுதி வைத்துக்கொண்டார் லூத்தர். 'இருக்கிறது' என்றால் 'குறிக்கிறது' என்று பொருள் என்றார் சுவிங்ளி. 'மாம்சமானது ஒன்றுக்கும் உதவாது' என்ற யோவான் 6:63 அவர் ஆயுதம். கிறிஸ்துவின் சரீரம் பரலோகத்தில் பிதாவின் வலதுபாரிசத்தில் இருக்க, பீடத்தில் எப்படி இருக்கும் என்று கேட்டார். அந்த வலதுபாரிசம் எங்கும் உள்ளது என்பது லூத்தரின் பதில். இதைக் கத்தோலிக்கப் போதனையோடு குழப்பக் கூடாது: ரோமின்படி அப்பத்தின் உள்ளியல்பே மாறுகிறது, லூத்தருக்கு அப்பம் அப்பமாகவே இருக்க, அதனோடு சரீரமும் உண்டு.

வழிபாட்டிலும் இந்த வேறுபாடு தெரியும். பாடலையும் படங்களையும் லூத்தர் விட்டுவைத்தார். சூரிக்கில் 1524-இல் படங்களை அகற்றினார்கள். 1525 முதல் பூசைக்குப் பதில் ஆண்டுக்கு நான்கே முறை திருவிருந்து, அதுவும் மரத்தட்டில், மரக்கிண்ணத்தில்.

மறுஞானஸ்நானக்காரர்கள், அதாவது குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்து, விசுவாசத்தை அறிக்கையிடும் பெரியவர்களுக்கே அதைக் கொடுத்தவர்கள், அப்பத்தில் சுவிங்ளியின் பக்கம். அதை நினைவுகூரலாகவே கண்டார்கள். முறிவு தண்ணீரில். 1525 ஜனவரி 21 அன்று சூரிக்கில் கான்ராட் கிரேபல், ஜார்ஜ் பிளாரோக்குக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். மூழ்கச் செய்து அல்ல, தண்ணீர் ஊற்றி. குழந்தைக்குக் கொடுத்தது ஞானஸ்நானமே அல்ல என்பதால் 'மறு' என்ற அடைமொழியையே அவர்கள் ஏற்கவில்லை. அவர்களின் 1527-இன் ஷ்லைட்ஹைம் அறிக்கை அதன் 7 அம்சங்களில் வாளையும் (ஆயுதமும் அரசின் தண்டிக்கும் அதிகாரமும்) சத்தியப்பிரமாணத்தையும்கூட மறுத்தது. ஊரார் சேர்ந்து ஆணையிட்டு நடத்தும் நகராட்சிக்கு அது வேரில் விழுந்த வெட்டு. அந்த ஆண்டு ஜனவரியிலேயே அவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸை லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றிருந்தது சூரிக். எல்லோருமே வாளை மறுத்தவர்கள் என்று நினைத்தால் 1534–35-இல் ஜெர்மானிய நகரமான மூன்ஸ்டரில் நடந்தது இடறும். அங்கே மறுஞானஸ்நானக்காரர்கள் ஆயுதமேந்தி நகரையே பிடித்தார்கள்.

என் கணிப்பில் அப்பத்தைவிட ஆழமான பிளவு தண்ணீரில்தான். மார்பர்க்கில் ஒன்றுசேராமல் பிரிந்த இருவருமே குழந்தை ஞானஸ்நானத்தையும் அரசின் வாளையும் விடவில்லை. 'புராட்டஸ்டன்ட்' என்ற பெயருக்குக் காரணமான ஆட்சேபம் எழுந்தது ஜெர்மனியை உள்ளடக்கிய புனித ரோமப் பேரரசின் 1529-இன் ஸ்பையர் பேரவையில். மறுஞானஸ்நானத்துக்குப் பேரரசு முழுவதும் மரண தண்டனை விதித்ததும் அதே பேரவைதான்.