கப்பன் பூங்காவில் ஐந்து முறை டென்னிஸ் பார்த்த அனுபவம்

2018-ஆம் ஆண்டு நாகர்கோவிலில் இருந்து பெங்களூரு ஓப்பன் டென்னிஸ் தொடரைப் பார்க்க முதன்முறை சென்றபோது, மகள் வேலை பார்க்கும் ஊரில் இரண்டு நாள் பொழுதைக் கழிப்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இல்லை. இறுதி ஆட்டத்தில் சாகேத் மைனேனியை வீழ்த்திச் சென்னையின் பிரஜ்னேஷ் குன்னேஸ்வரன் பட்டம் வென்றதைப் பார்த்து ஆர்வம் தொற்றிக்கொள்ள, 2020, 2023, 2024, 2025 ஆகிய ஆண்டுகளிலும் சென்று வந்தேன்.

கர்நாடக மாநில லான் டென்னிஸ் சங்கத்தின் அரங்கம், 1870-இல் உருவான கப்பன் பூங்காவிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவின் உட்சாலைகளில் வாகனங்களுக்குத் தடை உண்டு. இதை அறியாமல் ஆட்டோ பிடித்து, ஓட்டுநர் ஏதோ ஒரு வாசலில் இறக்கிவிட்டுப் போக, பூங்காவைப் பாதி சுற்றியிருக்கிறேன். மெட்ரோவில் வந்து மரநிழலில் நடப்பதே நல்லது.

நம் ஊரில் ஆடுபவர்களுக்கு எதிரி காற்றுதான். ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் காற்றில் மேலே எறிந்த பந்து எங்கே இறங்கும் என்றே சொல்ல முடியாது. பெங்களூருவோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே காற்றின் அடர்த்தி குறைந்து, அதே அடிக்குப் பந்து கூடுதல் வேகத்துடன் பறந்து கோட்டுக்கு வெளியே போய்விடுகிறது. அதனால்தான் முதல் நாட்களில் நல்ல ஆட்டக்காரர்களும் பந்தை நீளமாக அடித்துவிட்டு மட்டையை முறைத்துப் பார்க்கிறார்கள். வாரக் கடைசியில் அந்தத் தடுமாற்றம் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

ஒரே ஒரு நாள்தான் போக முடியும் என்பவர்களுக்கு, இறுதி ஆட்டத்தை விடத் தகுதிச்சுற்றையே பரிந்துரைப்பேன். முதன்மைச் சுற்றில் ஆடும் ஆறு இடங்களுக்கு 24 பேர் மோதும் அந்த ஆட்டங்களில், பயிற்சியாளர் இல்லாமல் தனியே வந்த வீரர் தனக்குத்தானே முணுமுணுப்பதும் மூச்சு வாங்குவதும் கூடக் கேட்கும். இடைவேளையில் அவர்கள் தின்னும் வாழைப்பழத்தைப் பார்க்கும்போதெல்லாம், நம் மட்டிப்பழம் ஒரு சீப்பு கொடுத்துவிடலாமா என்று எனக்குத் தோன்றும்.

கூட்டத்தின் உணர்ச்சியை அறிந்தது 2020-இல்தான். இந்திய மண்ணில் லியாண்டர் பயஸ் விடைபெற்ற தொடர் அது. இரட்டையர் இறுதி ஆட்டத்தில் அவரும் மேத்யூ எப்டனும் 0-6, 3-6 எனத் தோற்றனர். எதிரே வென்றவர்கள் புரவ் ராஜாவும் நம் சென்னைப் பையன் ராம்குமார் ராமநாதனும். ராம்குமார் ஜெயிக்க வேண்டும், ஆனால் பயஸ் தோற்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே இரு பக்கமும் கைதட்டினேன்.

2023-இல் ஆஸ்திரேலிய வீரர் மேக்ஸ் பர்செல் சென்னை, பெங்களூரு, புனே என அடுத்தடுத்து மூன்று வாரங்களில் மூன்று பட்டங்களை அள்ளினார். முதல்நிலைத் தொடர்களுக்கு அடுத்த படியில் உள்ள, பெங்களூரு ஓப்பன் போன்ற சாலஞ்சர் போட்டிதானே என்று ஒதுக்குபவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இது.

பயணத்துக்கு, கேரளத்தைச் சுற்றிப் போகும் ஐலண்ட் எக்ஸ்பிரஸை விட மதுரை வழியே செல்லும் இரவு வண்டியே எனக்கு வசதி. ஆனால் திரும்பும் வண்டி மாலையிலேயே கிளம்பிவிடும். 2024-இல் இறுதி ஆட்டத்தைப் பாதியில் விட்டு ஓடிய நான், ஸ்டெஃபானோ நப்போலித்தானோ வென்றதை ரயிலில் கைப்பேசியில்தான் பார்த்தேன். மறு ஆண்டு திங்கட்கிழமைக்கு முன்பதிவு செய்துகொண்டு, பிராண்டன் ஹோல்ட் கோப்பையை வாங்கும் வரை இருந்துவிட்டே எழுந்தேன்.