புது வைன் என்று பழசைத் தள்ளிவிட்டார்கள்: 132 யூரோ போச்சு

இத்தாலியில் இருக்கும் நம் ஆட்கள் வேறு யாரும் ஏமாறக் கூடாது என்றுதான் இன்று இரவே எழுதுகிறேன்.

நான் வெரோனாவில் வேலை பார்க்கிறேன். நவம்பர் 11 இங்கே சான் மார்த்தீனோ திருநாள். சுட்ட செஸ்ட்நட்டும் நொவெல்லோவும் சேர்ந்தால்தான் அன்றைய சாயங்காலம் களைகட்டும். நொவெல்லோ என்பது அந்த வருடத்து அறுவடையின் புத்தம் புது சிவப்பு வைன். திராட்சையை நசுக்காமல் கொத்தோடு கரியமில வாயு நிரம்பிய தொட்டியில் அடைத்து நொதிக்க விடுவார்கள். குறைந்தது 40 சதவீதமாவது இந்த முறையில் வந்திருக்க வேண்டும், அக்டோபர் 30-க்கு முன்னால் விற்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. வாங்கி அடுக்கி வைக்கிற வைன் இல்லை இது, சில மாதங்களில் அந்தப் பழ மணம் போய்விடும்.

ஓர் ஆன்லைன் வைன் கடையில் கார்தா ஏரிப் பக்கத்து பார்தொலினோ நொவெல்லோ 12 பாட்டில், 142 யூரோ என்று போட்டிருந்தார்கள். ஒரு குடும்பம் நடத்தும் சின்ன ஒயினரி, அதாவது வைன் தயாரிக்கும் இடம். தாத்தா, அப்பா, மகள் மூவரும் திராட்சைக் கறை படிந்த கையோடு நிற்கும் படம். அந்தப் படத்தில்தான் விழுந்தேன். கடையிடம் வாட்ஸ்அப்பில் கேட்டேன். "இந்த வாரம்தான் பாட்டிலில் அடைத்தது. பாங்க் டிரான்ஸ்ஃபர் செய்தால் 10 யூரோ குறைக்கிறோம்" என்று பதில் வந்தது. உடனே 132 யூரோ அனுப்பினேன்.

11-ஆம் தேதி ஆபீஸ் நண்பர்கள் வந்திருந்தார்கள். ஊற்றினேன். ஊதா கலந்த பளிச் சிவப்பாக இருக்க வேண்டியது, கிளாஸின் ஓரத்தில் செங்கல் நிறத்தில் பழுப்பேறியிருந்தது. ஸ்ட்ராபெரி மணம் துளிக்கூட இல்லை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நண்பர் ஒருவர் முகர்ந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கிளாஸைக் கீழே வைத்தார். எனக்கு முகம் சுண்டிப்போனது. பாட்டிலைத் திருப்பினால் பின்னால் கடையின் பார்கோடு ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினேன். அடியில் அறுவடை ஆண்டு 2023. போன வருடத்துச் சரக்கு! ஆத்திரத்தில் பன்னிரண்டு பாட்டில் ஸ்டிக்கரையும் உரித்தேன். எல்லாமே 2023.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் "வைன் இயற்கைப் பொருள், ருசி மாறும்" என்றார்கள். மறுநாள் "திறந்த பாட்டிலைத் திரும்ப எடுக்க முடியாது". சரி, திறக்காத பத்தையாவது எடுங்கள் என்றேன். "லேபிளை நீங்கள் சேதப்படுத்திவிட்டீர்கள், ஒயினரியிடம் கேளுங்கள்." ஒயினரிக்குப் போன் செய்தேன். மீந்த 2023 பாட்டில்களை வசந்த காலத்திலேயே ஒரு வியாபாரிக்கு மலிவாகக் கொடுத்துவிட்டதாகப் போனை எடுத்த பெண் சொன்னார். பாவம், அவர் குரலிலும் வருத்தம் தெரிந்தது. கடையில் இதைச் சொன்னதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். 132 யூரோ!

வாங்குகிறவர்களுக்கு அவசரமாகச் சில வார்த்தை. லேபிளில் அறுவடை ஆண்டு என்ன என்று காசு கொடுக்கும் முன்பே போட்டோ கேளுங்கள். தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு பாங்க் டிரான்ஸ்ஃபர் செய்யாதீர்கள், கார்டு என்றால் வங்கியிடமாவது முறையிடலாம். ஆன்லைனில் வாங்கியதைத் திருப்பித் தர, பொருள் கைக்கு வந்ததிலிருந்து 14 நாள் உண்டு, வந்த அன்றே பெட்டியைப் பிரியுங்கள். ஸ்டிக்கரை உரிக்கும் முன் போட்டோ எடுங்கள். நான் எடுக்கவில்லை.