மரியா கேரியா, ஜார்ஜ் மைக்கேலா? டிசம்பருக்கு ஒரு பாட்டு

எங்கள் பாட்டுக் குழுவுக்குக் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் ஒரே ஒரு பாப் பாட்டுக்குத்தான் இடம் இருந்தது. 'சைலன்ட் நைட்' மாதிரியான வழிபாட்டுப் பாடல்கள் தனிப் பட்டியல், அவை இந்தப் போட்டிக்கே வரவில்லை. கடைசியில் மோதியவை இரண்டு. ஒன்று, 1994-ல் மரியா கேரி பாடிய 'ஆல் ஐ வான்ட் ஃபார் கிறிஸ்துமஸ் இஸ் யூ'. மற்றது, 1984-ல் வாம் என்ற பெயரில் ஜார்ஜ் மைக்கேல் கொடுத்த 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்'. நாங்கள் எடுத்தது ஜார்ஜ் மைக்கேலை. குழுவில் நான் கீபோர்டு வாசிக்கிறேன், இந்தத் தேர்வுக்காக வாதாடியதும் நான்தான். அதனால் இந்த அலசலில் ஒரு பக்கம் சாய்வு இருக்கும், தெரிந்தே படியுங்கள்.

புகழ்க் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கேரியின் பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்தது 2019 டிசம்பரில்தான், வெளிவந்து 25 வருடம் கழித்து. வந்த புதிதில் அமெரிக்கக் கடைகளில் அதைத் தனி சிங்கிளாக விற்கவில்லை, அந்தக் கால விதிப்படி அந்தப் பட்டியலில் நுழையவே முடியவில்லை. இப்போது ஒவ்வொரு டிசம்பரும் மறுபடி உச்சிக்குப் போய்விடுகிறது. 2021-ல், அமெரிக்காவில் ஒரு கோடி பிரதிக்குச் சமமான டயமண்ட் சான்றும் கிடைத்தது, கிறிஸ்துமஸ் பாட்டுகளில் முதல் முறையாக.

'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' கதை இன்னும் வேடிக்கை. 1984-ல் பிரிட்டனில் இரண்டாம் இடத்தோடு நின்றுபோனது. முதலிடத்தை மறித்து நின்றது எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காகப் பல நட்சத்திரங்கள் சேர்ந்து பாடிய பேண்ட் எய்ட் பாட்டு. அதில் ஜார்ஜ் மைக்கேலும் பாடியிருக்கிறார்! தன் பாட்டைத் தானே தடுத்த மனிதர், அதன் ராயல்டியையும் அதே நிவாரணத்துக்குக் கொடுத்துவிட்டார். பிரிட்டனில் அது முதலிடத்துக்கு வந்தது 2021 ஜனவரியில். கிறிஸ்துமஸ் வாரத்திலேயே முதலிடம் என்ற பெருமை 2023-ல்தான் கிடைத்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. 2016-ல், டிசம்பர் 25 அன்றே இறந்துபோனார்.

இந்தப் பட்டியல்களை வைத்துத் தகுதியை முடிவு செய்ய நான் தயாரில்லை. ஸ்ட்ரீமிங் வந்த பிறகு பட்டியல் அளப்பது பெரும்பாலும் பழக்கத்தை. டிசம்பர் பிறந்தால் யாரோ பிளேலிஸ்ட்டை ஓடவிடுகிறார்கள், பாட்டு ஓடுகிறது, எண்ணிக்கை ஏறுகிறது. பாட்டு நல்லதா என்பது வேறு கேள்வி.

மூன்றாவதாக 'வொயிட் கிறிஸ்துமஸ்' பெயரும் அடிபட்டது. இர்விங் பெர்லின் எழுதி, பிங் கிராஸ்பி 1942-ல் பதிவு செய்தது. ஐந்து கோடிப் பிரதி விற்றதாகக் கின்னஸ் மதிப்பிடுகிறது. அடித்து அடித்துப் பிரதி எடுத்ததில் மூலப் பதிவே தேய்ந்து, 1947-ல் கிராஸ்பி மறுபடி பாடவேண்டி வந்தது. மெதுவான பாட்டு, சுலபம் என்று தோன்றும். பாடிப் பார்த்தால்தான் தெரியும். தொடக்கத்தில் மெட்டு அரை அரை ஸ்வரமாக ஊர்கிறது: க, ம, க, சாதாரண காந்தாரம் (அரை ஸ்வரம் கீழே உள்ள க), மறுபடி க, அப்புறம் இரண்டு மத்யமமும் அடுத்தடுத்து வந்து ப. பயிற்சி இல்லாத பத்துக் குரல் சேர்ந்து இதைப் பாடினால் நான்காவது ஸ்வரத்திலேயே சுருதி கழன்றுவிடும். அதோடு அதை விட்டுவிட்டோம்.

சரி, கேரிக்கு வருவோம். அந்தப் பதிவு பிரமாதம். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. 1994-ல் செய்த பாட்டு 1963-ல் செய்ததுபோல ஒலிக்கிறது. இசைத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் அந்த வருடம் வெளியிட்ட கிறிஸ்துமஸ் ஆல்பத்தில் டார்லீன் லவ் பாடிய பாட்டைக் கேட்டுவிட்டு இதைக் கேளுங்கள். அதே குவிந்து வரும் ஒலி, அதே மணிச் சத்தம், அதே துள்ளல். பிறக்கும்போதே பழசாகப் பிறந்ததால் இந்தப் பாட்டுக்கு வயதே ஆகவில்லை. 1994-ன் பாணியில் செய்திருந்தால் இன்று அது அந்த வருடத்து நினைவுப் பொருளாக மட்டும் இருந்திருக்கும். இத்தனைக்கும் அதில் கேட்கும் வாத்தியங்கள் எல்லாம் கேரியோடு சேர்ந்து எழுதிய வால்டர் அஃபனாசியெஃப் கணினியில் கோத்தவை. (இரண்டு பாட்டுமே கோடைகாலத்தில், சுற்றிலும் கிறிஸ்துமஸ் அலங்காரம் செய்துகொண்டு பதிவு செய்யப்பட்டவை என்பது உபரித் தகவல்.)

கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) விஷயத்திலும் கேரியின் பாட்டுதான் பணக்கார வீடு. பரிசுகள் எனக்கு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மெட்டு 'கிறிஸ்துமஸ் மரத்தடி' என்ற சொல்லுக்கு வரும் இடத்தைக் கவனியுங்கள். சி மேஜர் அங்கே சி மைனராக மாறுகிறது. அதுவரை பளிச்சென்று இருந்த சதுஸ்ருதி தைவதம் அரை ஸ்வரம் கீழே சுத்த தைவதமாக இறங்குகிறது. இரண்டே விநாடி. அந்த இரண்டு விநாடியில்தான் துள்ளலுக்கு அடியில் ஒரு ஏக்கம் இருப்பது தெரியவருகிறது. கீபோர்டில் அந்த இடத்தைத் தனியாக எத்தனை முறை வாசித்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

அப்புறம் ஏன் எடுக்கவில்லை? ஒரே காரணம்தான். பாட்டு அடுத்தவர் தொண்டையில் பிழைக்க வேண்டும். ஒரு பாட்டு வருடா வருடம் வாழ்கிறது என்றால், அது பதிவில் மட்டும் வாழ்கிறதா, வேறு யார் பாடினாலும் வாழ்கிறதா என்று பார்ப்பதே என் அளவுகோல். டிசம்பரில் பாடுபவர்களில் பெரும்பாலானோர் பாடகர்கள் கிடையாது. அலுவலக நண்பர்கள், குடும்பம், எங்களைப் போன்ற அரைகுறைக் குழுக்கள்.

கேரியின் பாட்டு ஜி மேஜர், நம் சுருதிக் கணக்கில் ஐந்து கட்டை. முதல் வரி கீழ் ஜி-யில் தொடங்கி ச, க, ப, நி, ச என்று தாண்டித் தாண்டி, ஐந்தே ஸ்வரத்தில் ஒரு ஸ்தாயி ஏறிவிடுகிறது. அதற்கு மேலும் ஏறி, முடிவில் அவர் தொடும் உச்சம் தொடங்கிய இடத்திலிருந்து இரண்டு ஸ்தாயி மேலே. சரி, உச்சம் எட்டவில்லை, கட்டையைக் குறைப்போம் என்று மூன்று கட்டைக்கு இறக்கினோம். தொடக்க வரி பாதாளத்துக்குப் போய்விட்டது. பெண் குரல்களில் வெறும் காற்று வந்தது. தொடக்கம் கேட்கட்டும் என்று ஏற்றினால் பல்லவியில் முகம் சிவக்கிறது. நடுவில் ஒரு வசதியான கட்டை இருக்கும் என்று தேடினோம், எங்கள் குரல்களுக்கு அப்படி ஒன்று அகப்படவில்லை.

ஒத்திகையில் நடந்தது இதுதான்: எட்டாதவர்கள் வரியின் நடுவிலேயே கீழ் ஸ்தாயிக்கு இறங்கினார்கள். ஒருத்தர் மூன்றாவது சொல்லில், இன்னொருத்தர் ஐந்தாவது சொல்லில். கேட்க, பாட்டு பாடும் குழுவாக இல்லை, ரயிலைப் பிடிக்க ஓடும் கூட்டமாக இருந்தது. வேகம் வேறு நிமிடத்துக்கு 150 தட்டை ஒட்டி ஓடுகிறது. மூச்சு விட இடம் தேடவேண்டும். கரோக்கியில் இந்தப் பாட்டைத் தைரியமாகத் தொடங்குபவர்கள் பாதியில் சிரித்து மழுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. பாட்டு ஒரு குறிப்பிட்ட தொண்டைக்கு அளவெடுத்துத் தைத்தது.

'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' இதற்கு நேர் எதிர். டி மேஜர், இரண்டு கட்டை. மொத்தம் நான்கே கார்ட்: டி, பி மைனர், இ மைனர், ஏ. ஒவ்வொன்றும் இரண்டு பார் (தாள வட்டம்). பல்லவிக்கும் அதுதான், சரணத்துக்கும் அதுதான், தொடக்கத்திலிருந்து முடிவுவரை மாற்றமே கிடையாது. பல்லவி ஏறக்குறைய ஒரு ஸ்தாயிக்குள் அடங்கிவிடுகிறது. அதனால் எந்தக் கட்டைக்கும் நகர்த்தலாம். எங்கள் குழுவில் யாரும் கைவிடப்படவில்லை.

எளிமை மட்டும் இருந்தால் போதாதுதான். எளிமையான மட்டமான பாட்டுகள் ஆயிரம் உண்டு. இந்த மெட்டில் வேறு ஒன்று இருக்கிறது. பல்லவி ச-வில் தொடங்கவில்லை. அடியில் டி கார்ட் உறுதியாக நிற்க, குரல் ரி-யில் வந்து விழுகிறது: ரி ரி ச, கீழே ப, மறுபடி ரி ரி க ச. வீட்டு வாசல்வரை வந்து உள்ளே போகாமல் நிற்பது மாதிரி. மனம் உடைந்தவன் பாட்டு என்பதை வார்த்தை வருமுன்பே அந்த ஒரு ஸ்வரம் சொல்லிவிடுகிறது. கேரியின் பாட்டில் ஏக்கத்துக்கு ஒரு தனிக் கார்ட் தேவைப்பட்டது. இங்கே அது முதல் ஸ்வரத்திலேயே கிடைத்துவிட்டது.

இன்னொன்று, பதிவில் கூட்டம் இல்லை. ரோலண்ட் ஜூனோ-60 சின்தசைசர், லின் டிரம் எந்திரம், மணிகள், அவர் குரல். எல்லாம் ஜார்ஜ் மைக்கேல் ஒருவரே வாசித்தது. வாமில் அவருடைய கூட்டாளியான ஆண்ட்ரூ ரிட்ஜ்லிக்கு அந்தப் பதிவில் வேலையே இல்லை. ஒற்றை ஆள் ஒற்றைக் கீபோர்டில் செய்த பாட்டு என்பதால், அதை எடுத்து நீங்கள் பாடும்போது எதுவும் குறைந்ததாகத் தெரிவதில்லை. நாங்கள் ஒரு கீபோர்டும் ஒரு கிட்டாரும் வைத்துச் செய்தோம். அந்தப் புகழ்பெற்ற சின்தசைசர் துணுக்கைப் பாட வராத மூன்று பேர் ஹம்மிங் செய்தார்கள். முழுசாக இருந்தது.

இதற்கு வெளியிலும் ஆதாரம் உண்டு. ஜிம்மி ஈட் வேர்ல்டு குழுவினர் ராக் பாணியில் பாடியிருக்கிறார்கள், டெய்லர் ஸ்விஃப்ட் நாட்டுப்புற வாசனையோடு 2007-ல் பாடினார், கார்லி ரே ஜெப்சன் சாக்ஸஃபோனோடு பாடினார். ஒவ்வொன்றும் அவரவர் பாட்டாக நிற்கிறது. கேரியின் பாட்டைப் பாடுபவர்களில் பலர் கேரி மாதிரி பாடத்தான் முயல்கிறார்கள். மைக்கேல் பூப்ளே 2011-ல் வேகத்தைக் குறைத்து, நிதானமாகப் பாடியது ஒரு நல்ல விதிவிலக்கு. என் வாதத்தில் ஓட்டை போடுவது அந்தப் பதிவுதான். அதைக் கேட்டால் மெட்டுக்குள் இன்னொரு பாட்டு ஒளிந்திருப்பது தெரிகிறது. ஆனால் துள்ளல் போய்விடுகிறது, மக்கள் இந்தப் பாட்டைக் கேட்பதே துள்ளலுக்காக.

இது கிறிஸ்துமஸ் பாட்டே இல்லை, தேதி போட்ட காதல் தோல்விப் பாட்டு என்று ஜார்ஜ் மைக்கேல்மேல் ஒரு பழி உண்டு. குழுவிலும் ஒருவர் இதைச் சொன்னார். பாதி நியாயம். ஆனால் அந்தத் தேதிதான் பாட்டின் எஞ்சின். போன வருடம் ஏமாந்தேன், இந்த வருடம் சரியான ஆளிடம் மனதைக் கொடுப்பேன் என்று ஒருவன் சபதம் போடுகிறான். அடுத்த டிசம்பரும் வந்து அதையே சொல்கிறான். 1984-லிருந்து ஒருமுறைகூட அவன் தேறியதாகத் தகவல் இல்லை. வருடா வருடம் திரும்பத் திரும்பக் கேட்பது மற்றப் பாட்டுகளைத் தேய்க்கும், இந்தப் பாட்டின் கதையை அது மெய்யாக்குகிறது.

குறைகளும் சொல்லவேண்டும். நான்கு கார்ட் நாலு நிமிடத்துக்கு மேல் சுற்றுவது வாசிப்பவருக்குத் தூக்கம் வரும் சமாச்சாரம். சரணங்களில் பல்லவி அளவுக்குப் பிடி இல்லை, பலருக்கு வார்த்தையே தெரியாது, பல்லவி வரும்வரை உதடு மட்டும் அசையும். கூட்டமாகப் பாடும்போது வேகம் தானாகக் குறைந்து இழுக்கத் தொடங்கும். அலுப்பவர்களும் நிறைய. டிசம்பர் 1 முதல் 24 முடியும்வரை இந்தப் பாட்டு காதில் விழாமல் தப்பிக்கப் பார்க்கும் வாமகெடன் என்ற விளையாட்டே இருக்கிறது. நாங்கள் சரணத்தை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்து, இரண்டாவது சரணத்தில் கீபோர்டை நிறுத்திக் கிட்டாரை மட்டும் விட்டோம். கடைசிச் சரணத்தை அப்படியே தூக்கிவிட்டோம், யாரும் கேட்கவில்லை.

குழந்தைகள் குழுவுக்கு எது பொருந்தும் என்று என்னைக் கேட்டால் உறுதியாகச் சொல்ல மாட்டேன், நான் வேலை செய்தது பெரியவர்களோடு மட்டும். 2003-ல் வந்த 'லவ் ஆக்சுவலி' படத்தில் ஒலிவியா ஓல்சன் என்ற சிறுமி கேரியின் பாட்டை அநாயாசமாகப் பாடியிருக்கிறார், ஆனால் அது ஒரு அபூர்வமான குரல். டிரம்பெட், சாக்ஸஃபோன் எல்லாம் உள்ள முழு பேண்ட் கையில் இருந்தாலும் கணக்கு மாறலாம். கேரியின் பாட்டில் குரல் தடுமாறும் இடங்களை வாத்தியம் மூடிவிடும் என்று நினைக்கிறேன், வாசித்துப் பார்த்ததில்லை.

ஆக, கேரியின் பாட்டுக்கு அந்தப் புகழ் தகுமா என்றால், பதிவுக்கு முழுசாகத் தகும், மெட்டுக்குப் பாதி. 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' பதிவு அப்படியொன்றும் பிரமிப்பு இல்லை, மெட்டுக்குக் கிடைத்த மரியாதைதான் குறைவு. நீங்கள் குழுவாகப் பாடுவதாக இருந்தால், ஆண்களும் பெண்களும் கலந்த குரலுக்கு ஒரு கட்டை குறைத்து சி-யில் வைத்துப் பாருங்கள், எங்களுக்கு அது சௌகரியமாக இருந்தது. கடைசிப் பல்லவியில் வாத்தியத்தை நிறுத்திக் கைதட்டலோடு விட்டால் கேட்பவர்களும் சேர்ந்துகொள்வார்கள். ஆனால் தட்டுபவர்கள் வேகத்தை ஏற்றுவார்கள், ஒருவரைக் கணக்கு வைக்கச் சொல்லுங்கள்.

குழுவில் ஒரு பெண்ணுக்குக் கேரி விஷயத்தில் இன்னும் மனத்தாங்கல் தீரவில்லை. அடுத்த முறை தொடக்க வரிகளைத் தான் தனியாகப் பாடுவதாகவும், மற்றவர்கள் பல்லவியில் மட்டும் சேர்ந்தால் போதும் என்றும், கடைசி உச்சத்தை யாருமே தொட வேண்டாம் என்றும் சொல்கிறார். ஐந்து கட்டையிலேயே வைத்துக்கொள்ள வேண்டுமாம். அந்த சி மைனருக்காகவே நான் சம்மதித்திருக்கிறேன்.