கார் ஷெட்டில் கம்ப்ரஸர்: கடையில் கேட்காத கேள்விகள்

காற்றை அமுக்கி டேங்கில் அடைக்கும் ஏர் கம்ப்ரஸர் வாங்கக் கடைக்குப் போனால் அங்கே ஒரே போட்டிதான் நடக்கும். ஒரு பக்கம் பெல்ட் போட்டு ஆயில் ஊற்றி ஓட்டுவது. பஞ்சர் கடை வாசலில் டக்டக்கென்று நிற்குமே, அதன் தம்பி. இன்னொரு பக்கம் 'ஆயில் ஃப்ரீ, சைலன்ட்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய சின்ன மெஷின். எதை வாங்கலாம் என்று அரைநாள் மண்டையை உடைத்துக்கொள்வோம். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அதை எங்கே வைப்பது, எந்தப் பிளக்கில் செருகுவது, காற்றை எந்தப் பைப்பில் கொண்டுபோவது என்பதை ஐந்தே நிமிடத்தில் முடிவுசெய்துவிடுவோம். ஆபத்து உட்கார்ந்திருப்பது அந்த ஐந்து நிமிடத்தில்தான். அதனால் மெஷின் போட்டியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

பெல்ட் மெஷினில் பம்ப் நிதானமாகச் சுற்றும், சூடு குறைவு, பத்துப் பதினைந்து வருடம் உழைக்கும். கோயம்புத்தூரில் 1960-ல் தொடங்கிய எல்ஜி (கொரியாக்கார எல்ஜி அல்ல, நம்மூர் எல்ஜி) போன்ற கம்பெனிகளின் பழைய பெல்ட் மெஷின்கள் இன்னும் பட்டறைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் கனம் அதிகம். ஆயில் பார்த்து மாற்ற வேண்டும். பெல்ட்டுக்கு இரும்புக் கூண்டு கட்டாயம்; குழந்தைகள் உள்ள வீட்டில் அதைக் கழற்றிவைத்து ஓட்டவே கூடாது. ஆயில் ஃப்ரீ மெஷினை ஒரே ஆள் தூக்கி நகர்த்தலாம், சத்தமும் குறைவு. தொடர்ந்து ஓட்டினால்தான் களைத்துப்போகும். இதை வாங்குகிறவர்கள் செய்யும் ஒரு தப்பு: ஆயில் ஃப்ரீ என்றால் தண்ணீரும் ஃப்ரீ என்று நினைத்துக்கொள்வது. தண்ணீர் வரும். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

டயருக்குக் காற்று, தூசி ஊதுவது, சின்ன ஆணி அடிக்கும் கன் என்றால் 1 எச்பி, 24 லிட்டர் ஆயில் ஃப்ரீ போதும். கார் பேனலுக்குப் பெயின்ட் அடிக்கும் எச்விஎல்பி கன் (குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்று விடும் ஸ்ப்ரே கன்) 8 முதல் 12 சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு அத்தனை கன அடி காற்றைக் குடிக்கும். 1 எச்பி மெஷின் உண்மையில் தருவது 3, 4 சிஎஃப்எம்தான். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் பிஸ்டன் தள்ளும் கணக்கு, ஹோஸ் முனையில் வரும் கணக்கு அல்ல. பெயின்ட்தான் முக்கிய வேலை என்றால் பெல்ட் பக்கம் போங்கள். இந்தப் போட்டி இவ்வளவுதான்.

மூன்றாவதாக ஒரு போட்டியாளரும் உண்டு: பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரை ஏதாவதொரு காலி சிலிண்டரில் பொருத்தி வீட்டிலேயே செய்துகொள்வது. சத்தமே இருக்காது, செலவும் குறைவு. இதை நான் ஒப்பிட மறுக்கிறேன். காரணம் ஒரு சின்னக் கணக்கு. 50 லிட்டர் டேங்கில் 8 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) வரை காற்று அடைத்தால், அது வெடிக்கும்போது வெளியே வரும் ஆற்றல் ஏறக்குறைய 50 கிலோ ஜூல். 1 டன் எடையுள்ள காரை 5 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் என்ன ஆகுமோ, அது. எங்கே துருப்பிடித்திருக்கிறது, யார் வெல்டிங் வைத்தார் என்று தெரியாத சிலிண்டருக்குள் அதை அடைத்துவைத்துப் பக்கத்தில் நின்று வேலைசெய்ய எனக்குத் தைரியம் இல்லை. காயலான் கடையில் மலிவாகக் கிடைக்கும் பழைய கம்ப்ரஸர் டேங்குக்கும் இதே பதில்தான். தொழிற்சாலை என்றால் அழுத்தக் கலன்களைச் சட்டம் கவனித்துக்கொள்ளும். நம் கார் ஷெட்டுக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வரப்போவதில்லை.

உள்ளேயா, பக்கத்துச் சந்திலா?

வீடுகளில் கிடைக்கும் இடம் மூன்று: ஷெட்டின் மூலை, மாடிப்படிக்குக் கீழே, அல்லது காம்பவுண்டுச் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள சந்து.

மாடிப்படிக்குக் கீழே உள்ள இடத்தைத்தான் எல்லோரும் முதலில் காட்டுவார்கள். 'சும்மா கிடக்குது, அங்க வெச்சிடுங்க.' எனக்குப் பிடிக்காத இடம் அதுதான். காற்றோட்டம் கிடையாது. கம்ப்ரஸர் தன் சூட்டையே திரும்பத் திரும்ப இழுத்துக் குடிக்கும். இன்வெர்ட்டர் பேட்டரியும் பழைய நியூஸ்பேப்பரும் அங்கேதான் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், ஏதாவது நடந்தால் தப்பித்து இறங்க வேண்டிய படியும் அதுவே.

ஷெட்டின் மூலையில் வைத்தால் மழை படாது, கண் பார்வையில் இருக்கும், ஹோஸும் சின்னது. ஆனால் அங்கே காரும் ஸ்கூட்டரும் பெட்ரோலோடு நிற்கின்றன. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். டேங்கில் காற்று குறைந்தால் மோட்டாரைக் கிளப்பி, நிறைந்தால் நிறுத்தும் பிரஷர் ஸ்விட்ச் ஒவ்வொரு முறை ஆன், ஆஃப் ஆகும்போதும் உள்ளே சின்னதாக ஒரு பொறி தட்டும். அமெரிக்காவில் கராஜுக்குள் பொறி வரக்கூடிய சாதனங்களைத் தரையிலிருந்து 18 அங்குலம் உயர்த்தி வைக்கச் சொல்லும் விதி இதனால்தான் வந்தது. இங்கே யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் ஆவிக்கு எந்த ஊர் என்று தெரியாதே. ஒன்றரை அடி உயரத்துக்குச் செங்கல் மேடை கட்டி அதன்மேல் வைப்பதற்குக் கொத்தனாரின் அரைநாள் கூலிதான் ஆகும். சுவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி வையுங்கள். தின்னர் கலந்து ஸ்ப்ரே அடிக்கிற வழக்கம் உண்டென்றால் மேடையும் போதாது. மெஷின் ஷெட்டுக்கு வெளியே போவதுதான் சரி.

ஆக, என் ஓட்டு சந்துக்கு. சத்தம் வெளியே, சூடு வெளியே, தின்னர் ஆவியும் எட்டாது. மேலே ஒரு தகரக் கூரை, பக்கங்களில் வலைக் கதவு. மழைச்சாரலும் கடற்கரை ஊர் உப்புக்காற்றும்தான் எதிரி. வருடம் ஒருமுறை துரு பார்த்துப் பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டு ஜன்னல் அந்தச் சந்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 45 என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின் வரம்பு. பெல்ட் மெஷின் இந்த எண்களையெல்லாம் சட்டையே செய்யாது. சத்தத்துக்குப் பயந்து ப்ளைவுட் பெட்டிக்குள் ஸ்பாஞ்ச் ஒட்டி மெஷினை மூடுகிறவர்களும் இருக்கிறார்கள். சத்தம் குறையும், மோட்டார் வெந்துபோகும். பகலில் ஓட்டுவது அதைவிட மலிவு.

பிளக்கா, ஸ்டார்ட்டரா?

'தண்ணி மோட்டார் மாதிரிதான் சார், எந்த பவர் பிளக்லயும் ஓடும்' என்றார் எங்கள் எலக்ட்ரீஷியன். பாதி உண்மை. 1 எச்பி மோட்டார் ஓடும்போது 5, 6 ஆம்பியர்தான் எடுக்கும். கிளம்பும் நொடியில் அதைப் போல ஐந்து ஆறு மடங்கு இழுக்கும். தண்ணீர் மோட்டார் நாளுக்கு இரண்டு தடவை கிளம்பும். கம்ப்ரஸர் ஒரு மணி நேரத்தில் பத்து இருபது தடவை கிளம்பலாம். 6 ஆம்பியர் ஜங்ஷன் பாக்ஸ் இளகுவது அதனால்தான்.

எக்ஸ்டென்ஷன் வயரா, நீளமான ஹோஸா என்று வந்தால் யோசிக்காமல் ஹோஸை நீட்டுங்கள். வயர் நீண்டால் வோல்டேஜ் இறங்கும், மோட்டார் கிளம்ப முடியாமல் முனகும், கேப்பாசிட்டர் போகும். ஹோஸ் நீண்டால் காற்றழுத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

1 எச்பிக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் தனி லைன், 16 ஆம்பியர் பிளக், சி வகை எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் அணையும் ஸ்விட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் அணையும் ஸ்விட்ச்), நல்ல எர்த் இருந்தால் போதும். 2 எச்பிக்கு மேலே போனால் டிஓஎல் ஸ்டார்ட்டர் (பட்டன் அமுக்கி மோட்டாரைக் கிளப்பும் பெட்டி) போடுங்கள். இதில் பலர் கவனிக்காத ஒரு லாபம் உண்டு. நேரடி பிளக்கில் கரண்ட் போய்த் திரும்பி வந்தால் கம்ப்ரஸர் தானாகவே கிளம்பிவிடும். பெல்ட் பக்கத்தில் கை இருந்தாலும் சரி, வீட்டில் ஆளே இல்லாவிட்டாலும் சரி. பட்டன் அமுக்கும் ஸ்டார்ட்டரில், பிரஷர் ஸ்விட்ச்சை அதற்குப் பின்னால் மோட்டார் லைனில் போட்டிருந்தால், மறுபடி பட்டனை அமுக்கினால்தான் ஓடும். கரண்ட் கண்ணாமூச்சி ஆடும் ஏரியாவில் இது சின்ன விஷயம் இல்லை. பிளக்கோடு இருப்பவர்கள், வேலை முடிந்ததும் சுவர் ஸ்விட்ச்சை அணைத்துவிடுங்கள்.

பைப்: இங்கேதான் நான் கிட்டத்தட்ட ஏமாந்தேன்

வீடு கட்டியபோது மிஞ்சிய பிவிசி பைப் மொட்டைமாடியில் கிடந்தது. பிளம்பர் அதன் மேல் அச்சடித்திருந்த அழுத்த அளவைக் காட்டினார் (அவர் சொல்லும் ஒரு கிலோ ஏறக்குறைய ஒரு பார்). '10 கிலோ பைப்ண்ணே. உங்க மெஷின் எட்டு கிலோதான். தாராளமா தாங்கும்.' கணக்குப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. ஒட்டும் பசையைக்கூட வாங்கிவிட்டேன்.

அந்த 10 கிலோ தண்ணீருக்கான கணக்கு, அதுவும் 27 டிகிரி வெப்பத்தில். தண்ணீர் அமுங்காது, பைப்பில் விரிசல் விழுந்தால் ஒரு பீச்சு பீச்சிவிட்டு அழுத்தம் போய்விடும். காற்று ஸ்பிரிங் மாதிரி அமுங்கிக்கிடக்கிறது. விரிசல் விழுந்த நொடியில் மொத்தமும் விரியும். பிவிசி கிழியாது, கண்ணாடிபோலச் சிதறும். நம் ஊர் வெயிலும், கம்ப்ரஸரிலிருந்து வரும் சூடும், காற்றோடு வரும் ஆயிலும் அதை நாளுக்கு நாள் நொறுங்கத் தயாராக்கும். இன்று தாங்கியது என்பது நாளைக்குச் சாட்சி அல்ல. அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை 1988-லேயே தரைக்கு மேலே பிவிசியில் காற்று கொண்டுபோகாதீர்கள் என்று எச்சரிக்கை விட்டிருக்கிறது. பசை டப்பா இன்னும் பிரிக்காமல் இருக்கிறது.

அடுத்தது ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பைப். உறுதி, எந்தப் பிளம்பருக்கும் தெரிந்த வேலை. உள்ளே துருப்பிடித்துச் செதில் செதிலாக ஸ்ப்ரே கன்னுக்கு வரும் என்பது குறை. நடுவில் அலுமினியம் வைத்த காம்போசிட் பைப்புக்குத் துரு கிடையாது, வளைத்தும் கொண்டுபோகலாம். ஆனால் காற்றுக்கு எத்தனை அழுத்தம், எத்தனை வெப்பம் வரை என்று தயாரிப்பாளரே எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் வாங்குங்கள். எந்தப் பைப் போட்டாலும் கம்ப்ரஸருக்கும் பைப்புக்கும் நடுவில் அரை மீட்டர் ரப்பர் ஹோஸ் வேண்டும், இல்லாவிட்டால் அதிர்வில் மரை தளர்ந்துவிடும். லைன் லேசாகச் சரிந்து போக வேண்டும். கிளைகளை மேல்புறத்திலிருந்து எடுத்துத் திருப்பிக் கீழே இறக்கினால் தண்ணீர் கன்னுக்கு வராது.

ஆனால் ஒரு கார் நிற்கும் ஷெட்டுக்குப் பைப் லைனே எதற்கு? நான் கடைசியில் 15 மீட்டர் ரப்பர் ஹோஸ் ஒன்றைச் சுவரில் மாட்டியதோடு நிறுத்திக்கொண்டேன். மூலைக்கு மூலை எட்டுகிறது. ஹோஸை இணைக்கும் கப்ளரைக் கழற்றும் முன் வால்வை மூடிவிட வேண்டும், அவ்வளவுதான். மறந்தால் ஹோஸ் முனை பாம்புபோலச் சீறி முகத்துக்கு வரும். அதே ஹோஸால் சட்டைத் தூசியை ஊதிக்கொள்ளும் பழக்கமும் வேண்டாம். தோல் வழியாகக் காற்று உள்ளே போனால் டாக்டரிடம் விளக்கவே நேரம் பிடிக்கும்.

போல்ட் போடுவதா, சும்மா நிறுத்துவதா என்று கேட்பார்கள். நின்றவாக்கில் உயரமான டேங்க் என்றால் ரப்பர் வைத்து போல்ட் போடுங்கள், தலை கனம், சாயும். சக்கரம் வைத்த படுத்த டேங்குக்கு ரப்பர் காலே போதும். கான்க்ரீட்டோடு இறுக்கிப் பிடித்தால் அதிர்வு போக வழியில்லாமல் டேங்க் காலின் வெல்டிங்கில் விரிசல் விழும்.

இனி தண்ணீர். சென்னை மாதிரி ஊரில் 35 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் தண்ணீர் இருக்கும். 1 எச்பி மெஷின் மணிக்கு 6 கன மீட்டர் இழுக்கும். அமுக்கி ஆறியதும் அதில் 140 கிராம் அளவுக்கு டேங்கின் அடியில் தங்கிவிடும்; கிட்டத்தட்ட ஒரு காபி டம்ளர். டேங்கை உள்ளிருந்து அரிப்பது இதுதான். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், அடியில் தகடு மெலிந்துகொண்டே போகும். சேஃப்டி வால்வின் வளையத்தை மாதம் ஒருமுறை இழுத்து, புஸ்ஸென்று விடுகிறதா என்று பார்க்கலாம். தகடு மெலிவதை மட்டும் அந்த வால்வால் தடுக்க முடியாது.

இந்தத் தண்ணீரைத் தானாக வெளியேற்றும் ஆட்டோ டிரெய்ன் வால்வு வாங்கலாமா, கையால் திறக்கலாமா? தினம் ஓடும் பட்டறைக்கு ஆட்டோ நல்லது. வாரக் கடைசியில் மட்டும் ஓட்டுகிற எனக்கு அது அடைத்துக்கொண்டு நின்றதுதான் மிச்சம். டேங்கின் அடியில் ஒரு பால் வால்வு, அதிலிருந்து ஒரு அடி ட்யூப், கீழே பழைய பெயின்ட் டப்பா. குனியாமல் திறக்க முடிவதால் மறப்பதில்லை. முதலில் ட்யூபைத் துளசித் தொட்டிக்குத்தான் விட்டிருந்தேன். பெல்ட் மெஷின் தண்ணீரில் ஆயில் கலந்து வரும் என்பதைச் செடி ஒரே வாரத்தில் சொல்லிவிட்டது.