மூன்று நாள் விழாவா, நான்கு வியாழக்கிழமைகளா?

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் மாணவர்களே ஈரானியத் திரைப்பட விழா தொடங்கப்போகிறார்கள் என்றால், முதல் கூட்டத்திலேயே இந்த வாக்குவாதம் வந்துவிடும். வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு இரவு முடிகிற விழாவா, வாரத்துக்கு ஒரு படமாக நான்கு வாரத் தொடரா? முதல் ஆண்டுக்கு எங்கள் ஓட்டு தொடருக்கே.

காரணம் பணம் மட்டுமல்ல. மூன்று நாள் என்றால் எட்டுப் படமாவது வேண்டும். எட்டுக்கும் பொதுத் திரையிடல் உரிமை வாங்கினால், படத்துக்குச் சில நூறு டாலர் என்று வைத்தாலும் ஒரு மாணவர் மன்றத்தின் நிதி அதிலேயே கரைந்துவிடும். அதைவிட முக்கியம், தொடரில் முதல் வாரம் சொதப்பினால் அடுத்த வாரம் திருத்திக்கொள்ளலாம். வார இறுதி விழாவில் வெள்ளிக்கிழமைக் கோளாறு ஞாயிறுவரை கூடவே வரும்.

நகரத்தில் ஈரானியக் குடும்பங்கள் நிறைய இருந்தால் மட்டும் கணக்கு மாறும். வார நாள் மாலையில் நாற்பது மைல் கார் ஓட்டிக்கொண்டு யாரும் வர மாட்டார்கள். சனி மதியம் என்றால் பாட்டி முதல் பேரன்வரை வருவார்கள். லாஸ் ஏஞ்சலஸில் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் திரைப்பட ஆவணக்காப்பகம் ஈரானியத் திரைப்படக் கொண்டாட்டம் நடத்துகிறது என்றால், பக்கத்திலேயே ஈரானியர் நிறைந்த, 'தெஹ்ராஞ்சலிஸ்' என்று செல்லப்பெயர் பெற்ற பகுதி இருக்கிறது. ஈரானியப் புத்தாண்டான நவ்ரூஸை ஒட்டித் தேதி வைக்க ஆசை வரும். ஆனால் மார்ச் 20, 21 பல வளாகங்களில் வசந்த விடுமுறையை ஒட்டி வரும். குடும்பங்களும் பதின்மூன்றாம் நாள் பிக்னிக்வரை உறவினர் வீடுகளில்தான் இருக்கும். ஏப்ரல் நடுவில் வைத்தால் நல்லது.

உரிமை விஷயத்தில் மூன்று வழிகள். விநியோகஸ்தரிடம் நேராக வாங்குவது முதல் வழி. ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியரோஸ்தமியின் பல படங்களுக்கு அமெரிக்காவில் ஜேனஸ் ஃபிலிம்ஸைத்தான் கேட்க வேண்டும். இரண்டாவது, நூலகச் சந்தாவில் வரும் கனோபி என்ற ஸ்ட்ரீமிங் சேவை. அதில் பல படங்களுக்குப் பொதுத் திரையிடல் உரிமையும் சேர்ந்தே வருகிறது, டிக்கெட் விற்காத வரையில். எல்லாப் படங்களுக்கும் கிடையாது. ஒவ்வொரு தலைப்பின் பக்கத்தையும் திறந்து பார்க்க வேண்டும். மூன்றாவது, "வகுப்பறையில் போடுகிறோம், உரிமை வேண்டாம்" என்ற வாதம். பதிப்புரிமைச் சட்டத்தின் 110(1) பிரிவு ஆசிரியரும் மாணவரும் நேருக்கு நேர் இருக்கும் பாடத்துக்கு மட்டும். சுவரொட்டி ஒட்டி ஊரைக் கூப்பிட்டால் அது செல்லாது.

டிசிபியா (தியேட்டர்களுக்கான டிஜிட்டல் பிரதி) ப்ளூ-ரேயா என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. டிசிபிக்குத் தனி சர்வர் வேண்டும், நூறு ஜிபிக்கு மேல் ஏற்றப் பல மணி நேரம் ஆகும், பூட்டிய பிரதி என்றால் அந்த சர்வருக்கென்றே கொடுத்த சாவி அந்தத் தேதிகளில்தான் வேலை செய்யும். சினிமாத் துறை தியேட்டர் கிடைத்தால் சரி, இல்லையேல் ப்ளூ-ரே போதும். பிரிட்டனில் வாங்கிய டிஸ்க் பெரும்பாலும் அமெரிக்க பிளேயரில் ஓடாது. ஸ்ட்ரீமிங்கில் வேறு தலைவலி: லேப்டாப்பில் ஓடும், புரொஜெக்டரில் கறுப்புத் திரை. நடுவிலிருக்கும், சிக்னலைப் பிரித்துக் கொடுக்கும் பழைய ஸ்ப்ளிட்டர் நகல் தடுப்பு சிக்னலைக் கடத்தாததுதான் பெரும்பாலும் காரணம். முந்தின நாளே முழுப் படத்தையும் அதே கேபிளில் ஓட்டிப் பாருங்கள். பழைய படங்களின் சட்டகம் கிட்டத்தட்ட சதுரம். புரொஜெக்டர் அகலத்துக்கு இழுத்தால் முகமெல்லாம் உப்பிப்போகும்.

இவற்றையெல்லாம்விட அதிகம் கெடுப்பது சப்டைட்டில். தரை சமமான ஹாலில் முன் வரிசைத் தலைகள் கீழ் வரியை அப்படியே மறைத்துவிடும். ஈரானின் மொழியான ஃபார்சி தெரிந்தவர் சிரிப்பார், மற்றவர் கழுத்தை நீட்டுவார். திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து நான்கடியாவது உயரட்டும். நாற்காலிகளில் ஆட்களை உட்காரவைத்துவிட்டு ஐந்தாவது வரிசையிலிருந்து சோதியுங்கள்.

படத் தேர்வில் 83 நிமிட 'நண்பனின் வீடு எங்கே?' (1987) முதல் வாரத்துக்குக் கச்சிதம். கியரோஸ்தமியின் 'செர்ரியின் சுவை' கான் திரைப்பட விழாவின் உச்சப் பரிசான தங்கப்பனை வாங்கியது உண்மை. ஆனாலும் மெதுவாக நகரும் அந்தப் படத்தை முதல் வாரம் போட்டால் இரண்டாம் வாரம் ஹால் காலி. 'எ செபரேஷன்' 123 நிமிடம். அன்று அரை மணி முன்னதாகவே தொடங்காவிட்டால் கலந்துரையாடலின் நடுவில் காவலர் விளக்கை அணைக்க வந்து நிற்பார்.

இயக்குநரை நேரில் அழைப்பதா, காணொளியிலா? ஈரானில் இருப்பவரென்றால் விசாவை நம்பி நோட்டீஸ் அச்சடிக்காதீர்கள். 2002இல் கியரோஸ்தமியாலேயே நியூயார்க் விழாவுக்கு வர முடியவில்லை. ஜூம் ஈரானில் சேவை தருவதில்லை, வேறு செயலி வேண்டும். நியூயார்க்கில் குளிர்கால இரவு 7 மணி தெஹ்ரானில் அதிகாலை 3.30. அதனால் உரையாடலைக் காலை 11க்கு வைத்தால் அங்கே இரவு 7.30. ஏற்கெனவே எடுத்து முடித்த படங்களுக்கு ஈரான்மீதான அமெரிக்கப் பொருளாதாரத் தடைச் சட்டத்தில் விலக்கு இருந்தாலும், 'ஈரான்' என்ற சொல்லைப் பார்த்ததும் வங்கி பணத்தை நிறுத்திவைக்கலாம். ஈரானுக்கு வெளியே உள்ள விநியோகஸ்தர் வழியாகப் போவதே சுலபம். வெளிநாட்டில் வாழும் இயக்குநர் என்றால் பாதித் தொல்லை குறையும்.

கேள்வி நேரத்தில் மைக்கைக் கூட்டத்துக்குள் விடாதீர்கள், ஆளுக்கொரு அரசியல் உரை ஆற்றுவார்கள். துண்டுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். பார்வையாளர் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம். அங்கே உட்கார்ந்திருப்பவரின் அம்மா அப்பா இன்னும் ஈரானில் இருக்கலாம்.