பெரியம்மாவைக் காணவில்லை: பனோரமா மென்பொருளோடு நான்கு ஆண்டுகள்

பல படங்களை ஒட்டி ஒரே அகலப்படமாக்கித் தரும், நான் நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் பனோரமா மென்பொருளின் விலையைக் குறைத்திருக்கிறார்கள். பண்டாரவளையில் இருக்கும் நண்பன் போன வாரம் அழைத்து, "வாங்கலாமா, வேண்டாமா? ஒரே சொல்லில் சொல்" என்றான். ஒரே சொல்லில் சொல்ல எனக்கு வரவில்லை. அரை மணி நேரம் பேசினேன், பேசப்பேசக் கோபம்தான் ஏறியது. ஆற அமர எழுதினாலாவது நியாயமாக எழுதுவேனா என்று பார்க்கிறேன்.

இலங்கை மலையகத்தில், அப்புத்தளைப் பக்கம் காலை ஏழு மணிக்குப் படம் எடுத்தவர்களுக்கு என் தேவை புரியும். வானம் கண்ணைக் கூசும், மலைச்சரிவு இன்னும் இருட்டில் கிடக்கும். ஒரே எக்ஸ்போஷரில், அதாவது ஒரே ஒளியளவில் எடுத்த படத்தில், இரண்டும் அடங்காது. அதனால் 24 மி.மீ. லென்ஸோடு கேமராவைச் செங்குத்தாக நிறுத்தி, 30 பாகைக்கு ஒருமுறை திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் மூன்று படங்கள் எடுக்கிறேன்: சரியான அளவில் ஒன்று, இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்காவது அல்லது பாதியாவது) குறைத்து ஒன்று, இரண்டு ஸ்டாப் கூட்டி ஒன்று. ஆறு நிலை, 18 படங்கள். 180 பாகை தாராளமாக அடங்கிவிடும்.

இந்தப் பதினெட்டையும் ஒட்டுவதில் அந்த மென்பொருளை மிஞ்ச ஆளில்லை என்றே சொல்வேன். தேயிலைச் செடிகள் ஒன்றைப்போலவே ஒன்று இருக்கும். பாதி மலையை மூடுபனி விழுங்கியிருக்கும். பிடித்துக்கொள்ள ஓர் அடையாளமும் இல்லாத அந்தப் பரப்பிலும் பொருத்தப் புள்ளிகளை, அதாவது அடுத்தடுத்த இரண்டு படங்களிலும் ஒன்றாக இருக்கும் இடங்களை, கண்டுபிடித்து, அடிவானத்தை நேராக நிறுத்தித் தரும். ஒருமுறை எல்ல என்ற ஊர்ப் பக்கம், 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தை எடுத்துக்கொண்டிருந்தபோது ரயில் வந்துவிட்டது. மூன்று எக்ஸ்போஷரிலும் பெட்டிகள் வெவ்வேறு இடத்தில் நின்றன. படங்களுக்கிடையே நகர்ந்தவை இரட்டையாகத் தெரியாமல் நீக்கும் 'கோஸ்ட் நீக்கம்' என்ற பொத்தானை அழுத்தினேன். ஒரே எக்ஸ்போஷரிலிருந்து முழுப் பெட்டிகளையும் எடுத்துச் சுத்தமாக வைத்துவிட்டது. அன்று எனக்கு வந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

அந்தப் பொத்தான்தான் பிறகு என்னைக் கைவிட்டது.

தம்பேதன்னைப் பக்கத்தில் என் பெரியம்மா கொழுந்து பறிக்கிறார். அங்குள்ள தொழிற்சாலையை 1890இல் லிப்டன் கட்டினார் என்று சுற்றுலா வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த மலையில் நிரை பிடித்து, அதாவது செடி வரிசைகளில் நின்று, கொழுந்து பறிப்பவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. அவர்கள் ஒவ்வொருவரும் முகம் தெரிய நிற்கும் ஓர் அகலப்படம் வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பிரட்டு முடிந்து அவர்கள் மலைக்கு வந்த நேரம் பார்த்து, எதிர்மேட்டில் முக்காலியை ஊன்றி எடுத்தேன். வீட்டில் ஒட்டினேன். கோஸ்ட் நீக்கத்தை உச்சத்தில் வைத்தேன். ஆறடி அகலத்தில் அச்சிட்டுச் சுருட்டிக்கொண்டு, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன்.

பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிரையின் ஒரு முனையிலிருந்து விரலை வைத்துக்கொண்டே வந்தார். இன்னார், இன்னார் என்று சொல்லிக்கொண்டே வந்த விரல் ஓரிடத்தில் நின்றது. "நான் எங்கே நிற்கிறேன், தம்பி?" என்றார். அவர் நின்ற இடத்தில் தேயிலைச் செடிகள் மட்டும் இருந்தன. பக்கத்தில் நின்றவருக்கு மூன்று கைகள்.

அன்றிரவு மூலப்படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நடந்தது இரண்டு வெவ்வேறு தவறுகள். மூன்று கை, ஒரே நிலையில் எடுத்த மூன்று எக்ஸ்போஷருக்குள் நடந்தது. பறித்த கொழுந்தைத் தோளுக்கு மேலாகக் கூடையில் எறியும் கை ஒரு படத்தில் வானத்துக்கு எதிரே இருக்கிறது, அரை நொடிகூட ஆகாத அடுத்த படத்தில் செடிக்குள் இருக்கிறது. வானத்தை இருண்ட படத்திலிருந்தும் செடியை வெளிச்சமான படத்திலிருந்தும் எடுக்கும்போது இரண்டு கைகளும் கூடவே வந்துவிடுகின்றன. மெர்ட்டென்ஸ், கௌட்ஸ், வான் ரீத் ஆகிய மூவரும் 2007இல் வெளியிட்ட எக்ஸ்போஷர் இணைப்பு முறை ஒவ்வொரு புள்ளியையும் அதன் மாறுபாடு, நிறச்செறிவு, ஒளியளவு ஆகியவற்றை வைத்துத்தான் எடைபோடுகிறது. அந்தப் புள்ளி யாருடைய கை என்று அது பார்ப்பதில்லை. கோஸ்ட் நீக்கம் பார்த்திருக்க வேண்டும். வானத்தின் முன் நின்ற மெல்லிய கை அதற்குத் தப்பிவிட்டது.

பெரியம்மா மறைந்தது வேறு விதம். மூன்றாவது நிலையை எடுத்தபோது அவர் ஒட்டுக்கோட்டுக்கு (இரண்டு படங்கள் சேரும் கோடு) வலப்பக்கம் நின்றார். நான் கேமராவைத் திருப்பி நான்காவதை எடுப்பதற்குள் அடுத்த செடிக்கு, இடப்பக்கம் நகர்ந்துவிட்டார். மென்பொருள் மூன்றாவதின் இடப்பக்கத்தையும் நான்காவதின் வலப்பக்கத்தையும் எடுத்துக்கொண்டது. இரண்டு படத்திலும் முழுதாக நின்ற மனுஷி, முடிவில் இல்லாமல் போனார். ஆட்கள் நகரும் திசைக்கு எதிராகக் கேமராவைத் திருப்பினால் அவர்கள் மறையக்கூடும், அதே திசையில் திருப்பினால் ஒருவரே இருமுறை வரக்கூடும் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

நகர்ந்தார் என்பதற்காக மென்பொருளைத் திட்டவில்லை. மனிதர்கள் நகரத்தான் செய்வார்கள். "இந்த ஆளை இந்தப் படத்திலிருந்து எடு" என்று சொல்ல அதில் வழியே இல்லை என்பதுதான் என் குறை. குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று அளவு மட்டும். காசு வாங்கிக்கொண்டு, யாரை வைப்பது யாரை நீக்குவது என்ற முடிவையும் தானே எடுத்துக்கொள்கிறது.

இலவசமாகக் கிடைக்கும் ஹூகின் என்ற பனோரமா மென்பொருளில் அந்த வழி இருக்கிறது. படத்தின் எந்தப் பகுதி வேண்டும், எது வேண்டாம் என்று குறிக்கும் முகமூடிப் (மாஸ்க்) பகுதியில் மூன்றாவது நிலைப் படத்தைத் திறந்து, பெரியம்மாவைச் சுற்றி, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கின் ஓரம் வரைக்கும் கோடு வரைந்து 'சேர்' என்று குறித்தேன். அடுத்த படத்தில் நகர்ந்து நின்றவரைச் சுற்றி 'விலக்கு' என்று குறித்தேன். மூன்று கைக்காரருக்கு வேறு வைத்தியம்: அந்த நிலையில் நடு எக்ஸ்போஷரின் ரா கோப்பை (கேமரா பதிவுசெய்த மூலத் தரவு) மட்டும் எடுத்து, அதையே மூன்று வெளிச்ச அளவில் உருவாக்கி இணைத்தேன். ஒரே கணம் என்பதால் கை இரண்டுதான் வரும். நிழலில் கொஞ்சம் இரைச்சல் (புள்ளிப் புள்ளியான கரடுமுரடு) தெரிகிறது, தெரியட்டும். ஹூகின் அழகான மென்பொருள் இல்லை, மெதுவானது, பொருத்தப் புள்ளிகளைப் பலமுறை நானே வைக்க வேண்டியிருந்தது. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. நிரை முழுமையாக வந்தது.

இப்போது எடுக்கும்போதே கவனமாக இருக்கிறேன். ஆட்கள் நிற்கும் நிலைகளை முதலில், அடுத்தடுத்து, வேகமாக எடுக்கிறேன். இரண்டு நிலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் யாரும் நிற்காதபடி தொடக்கக் கோணத்தைத் தேர்ந்துகொள்கிறேன். முடிந்தால் அதே நிலையை இரண்டாம் முறையும் எடுத்துவைக்கிறேன். சவுக்கு மரங்களின் நுனி காற்றில் ஆடி இரட்டையாகத் தெரிவதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. மூடுபனிக்கு விளிம்பே கிடையாது, அது நகர்ந்தால் கண்ணுக்குத் தெரிவதும் இல்லை.

நண்பனுக்கு இன்று காலை பதில் அனுப்பினேன்: வாங்காதே. விலையைப் பாதியாக்கினாலும் வாங்காதே. பிறகு நீ ஏன் இன்னும் வைத்திருக்கிறாய் என்று கேட்கிறான். நேற்று லிப்டன் இருக்கை என்ற மலைக்காட்சி முனையிலிருந்து எடுத்த விடியலை அதில்தான் ஒட்டினேன், பத்து நிமிடத்தில் குறையே இல்லாமல் வந்தது. அந்தப் படத்தில் ஆட்கள் இல்லை.