கொடைக்கானல் புல்தரைக்கு மூன்று வருஷம் உரம் போட்ட கதை

மதுரை திருப்பாலையில் என் வீட்டு வாசலில் கொரியன் புல் வைத்து ஏழு வருஷம் ஆகிறது. இருநூறு சதுர அடிதான், ஆனால் போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்ப்பார்கள். அந்தத் தைரியத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். 2022-ல் அக்காவும் மச்சானும் கொடைக்கானலில் சின்னதாக ஒரு வீடு வாங்கினார்கள். முன்பக்கம் 600 சதுர அடி சும்மா கிடந்தது. புல் வைக்கலாமா என்று மச்சான் கேட்டதும், "உரம் தண்ணியெல்லாம் நான் பாத்துக்கிறேன் மச்சான்" என்றேன். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் 120 கிலோமீட்டர். பெரிய தூரமில்லை. 2,100 மீட்டர் உயரம் என்பதைத்தான் நான் கணக்கில் எடுக்கவில்லை.

அங்கே மண் கறுப்பாக, புட்டு மாவு போலப் பொலபொலவென்று இருந்தது. இதற்கு உரமே தேவையில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. மச்சான் பிடிவாதமாக மண் பரிசோதனைக்குக் கொடுத்தார். மண் புளிப்பா காரமா என்று காட்டும் பி.எச். அளவு 5.2 என்று வந்தது; ஏழுக்குக் கீழே என்றால் புளிப்பு. என் வீட்டுக் கதை நேர் எதிர். போர் தண்ணீர் உப்பு, மண் காரம், புல் மஞ்சளடித்தால் இரும்புச் சத்துக்கு அன்னபேதி உப்பைக் கரைத்து ஊற்றுவேன். இங்கே மண் புளிப்பு. புளித்த மண்ணில் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும், வேருக்கு விடாது. அதனால் முதலில் புளிப்பைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்புத் தூள் 15 கிலோ தூவிக் கொத்திவிட்டோம். மூன்று வாரம் கழித்து தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள டி.ஏ.பி. உரம் 600 கிராம், மேல் மண்ணில் கலந்து. இரண்டையும் ஒரே நாளில் போட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகிக் காற்றில் போய்விடும். இந்த மூன்று வாரப் பொறுமைதான் மொத்தக் கதையில் நான் உருப்படியாகச் செய்த முதல் காரியம்.

வைத்தது கிக்குயூ புல். விரல் நீளத் தண்டுகளை அரைச் சாண் இடைவெளியில் ஜூன் மாதம் ஊன்றினோம். மதுரையில் இருபது நாளில் புல் தரையைப் பிடித்துவிடும். இங்கே இருபதாம் நாள் போய்ப் பார்த்தால் தண்டுக்கு இரண்டு இலை, அவ்வளவுதான். எனக்குப் பொறுக்கவில்லை. கொண்டுபோன யூரியாவில் 600 கிராமை அளந்து, காலை ஏழு மணிக்குக் கையால் வீசிவிட்டு, சாரல்தான் இருக்கிறதே என்று தண்ணீர் விடாமல் மதியமே பஸ் ஏறிவிட்டேன்.

மூன்றாம் நாள் மச்சான் போனில் படம் அனுப்பினார். நான் கை வீசிய வீச்சு வீச்சாகத் தரையில் பழுப்புக் கோடுகள். "என்ன மாப்ள, வாசல்ல கோலம் போட்டுட்டுப் போயிருக்க?"

நடந்தது இதுதான். கொடைக்கானலில் காலை பத்து மணி வரை இலையில் பனி நிற்கும். யூரியா மணி ஈர இலையில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரைந்து, இலையில் இருந்த ஈரத்தை உறிஞ்சிவிட்டது. சாரல் அதைக் கழுவி மண்ணுக்கு இறக்கும் அளவுக்குப் பெய்யவில்லை. போதாக்குறைக்கு அது வேர்விட்ட புல்லுக்கான முழு அளவு. வேரே பிடிக்காத தண்டுக்கு அதில் பாதிகூட அதிகம். மூன்றில் ஒரு பங்கு தண்டுகளை மறுபடி ஊன்ற வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டில் தோட்ட வேலை பார்க்கும் பெரியவர் வந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "பனி காயுறதுக்கு முந்தி உரத்தத் தொடாதீங்க தம்பி."

அதற்கப்புறம் மாறியது 19-19-19. தழை, மணி, சாம்பல் மூன்று சத்தும் சம அளவில் இருக்கும், தண்ணீரில் கரையும் உரம், கிலோ கணக்கில் பார்த்தால் விலை கூடுதல்தான். பத்து லிட்டர் பூவாளிக்கு 50 கிராம், நூறு சதுர அடிக்கு ஒரு பூவாளி. பனி காய்ந்த பிறகு ஊற்றி, மேலே ஒரு பூவாளி வெறும் தண்ணீர். ஆகஸ்ட்டில் தொடங்கி மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. அக்டோபரில்தான் தண்டு ஓடி இடைவெளி மூடியது. முதல் வருஷப் புல்லுக்கு இதைத் தவிர வேறெதையும் இனி நான் தொடமாட்டேன்.

கடலைப் புண்ணாக்கு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் அக்கா சண்டைக்கு வருவாள். மதுரையில் ஊறவைத்த புண்ணாக்கை ஊற்றினால் பத்து நாளில் மண்ணோடு மண்ணாகிவிடும், வீச்சமும் போய்விடும். இங்கே குளிரில் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஒரு மாதம் கழித்தும் புண்ணாக்கு கட்டி கட்டியாக, மேலே வெள்ளைப் பூஞ்சை பூத்து, ஊசிப்போன இட்லி மாதிரி கிடந்தது. புல்லுக்கு அதில் ஒன்றும் கிடைத்ததாகத் தெரியவில்லை. காட்டுப்பன்றிக்குக் கிடைத்தது. ஒரே ராத்திரியில் வாசலில் உழவு ஓட்டிவிட்டுப் போயிருந்தது. இப்போது இயற்கை உரம் என்றால் நன்றாக மட்கிய தொழு உரமும் மண்புழு உரமும் மட்டும், அதுவும் கோடை மழைக்கு முன்னால் சலித்துத் தூவுவது.

இரண்டாம் வருஷம் நான் செய்தது புத்திசாலித்தனமான தப்பு. குளிர் நாட்டுப் புல்தரை பற்றி வீடியோக்கள் பார்த்தேன். இலையுதிர் காலத்தில்தான் முக்கியமான உரம் என்று எல்லோரும் சொன்னார்கள். கொடைக்கானலும் குளிர்தானே என்று நவம்பர் கடைசியில் யூரியா போட்டேன், இந்தத் தடவை 300 கிராம்தான், தண்ணீரும் விட்டு. புல் பச்சைப் பசேலென்று தளதளத்தது. ஜனவரியில் உறைபனி விழுந்ததும் அந்தத் தளிரெல்லாம் வைக்கோல். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. அது ரை, ஃபெஸ்க்யூ போன்ற குளிரில் வளரும் புல்லுக்கு. கிக்குயூ ஆப்பிரிக்க மலைப்புல். குளிரைப் பொறுத்துக்கொள்ளுமே தவிர, வளர்வது வெயில் காலத்தில்தான். அதனால் ஏப்ரல், மே மழையோடு ஒரு தடவை, செப்டம்பரில் ஒரு தடவை, அக்டோபர் நடுவில் கடையைச் சாத்திவிட வேண்டும். செப்டம்பர் தவணையில் சாம்பல் சத்துக்குக் கொஞ்சம் பொட்டாஷும் சேர்க்கிறேன்.

டோலமைட் மட்டும் இன்னொரு தடவை, 2024-ல், பாதி அளவு போட்டோம். நிழல் விழும் வடக்கு மூலையில் பாசி வந்திருந்தது. டோலமைட்டுக்குப் பாசி போகவில்லை. மேலே சாய்ந்திருந்த கிளையை வெட்டிய பிறகுதான் குறைந்தது. அதை உரத்தின் கணக்கில் எழுத முடியாது.

புல் இப்போது எப்படி இருக்கிறது என்றால், போன மே மாதம் உரம் போட்டுப் பத்தாம் நாள் அக்கா விடியற்காலையில் போன் செய்தாள். வேலி படலைத் தள்ளிக்கொண்டு இரண்டு காட்டுமாடுகள் உள்ளே நின்று நிதானமாக மேய்ந்துகொண்டிருக்கின்றன என்றாள். விரட்ட முடியுமா, ஆளுயரம் இருக்கும். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். மச்சான் பின்னாலிருந்து சொல்வது கேட்டது: "மாப்ளட்ட சொல்லு, இந்த மாசம் வெட்டுக்கூலி மிச்சம்."

வேலியைக் கம்பி வலையாக மாற்றிவிட்டோம். அந்தச் செலவு, மூன்று வருஷமும் வாங்கிய உரம் எல்லாவற்றையும் விட அதிகம்.